பதிவு எழுதுவதும் பதில் எழுதுவதும்

பாடத்தின் ஒரு பகுதியாக வலைப்பதிவு எழுதும் மாணவர்களிடமிருந்தும், அவர்களை எழுதப் பணித்த ஆசிரியர்களிடமிருந்தும் வந்த கடிதங்கள் இம்முறை இடம்பெறுகின்றன. முதலாவதாக உள்ள மாணவியின் கடிதம் மற்றவற்றுக்கெல்லாம் வாயிலாக அமைந்திருப்பதால் அதைச் சுருக்காமல் வெளியிடுகிறோம்.

கேள்வி: ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவி. ஒரு பாடத்துக்காகப் பருவம் முழுவதும் வாரம் ஒரு பதிவு எழுதவும், உடன் படிப்பவர்களின் பதிவுகளுக்குப் பின்னூட்டம் இடவும் எங்களைப் பணித்திருந்தார்கள். தொடக்கத்தில் தேர்வுத் தாளில் எழுதுவதையே திரையில் எழுதிக்கொண்டிருந்தேன். முன்னுரை இருந்தது, உட்தலைப்புகள் இருந்தன, முடிவுரையும் இருந்தது. யாரிடம் சொல்கிறேன் என்பது மட்டும் எனக்கே தெரியவில்லை. பருவத்தின் நடுவில், நூலகங்கள் மின்னூல்களுக்கு மாறிவருவதைப் பற்றி நான் எழுதிய பதிவின் கீழே முகம் தெரியாத ஒருவர், ‘பார்வையற்ற வாசகருக்கு இந்த மாற்றத்தால் நன்மையா, தீமையா?’ என்று ஒரு வரி எழுதியிருந்தார். அதற்கு விடை தேடப் புகுந்தவள், திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக் காட்டும் திரைவாசிப்பான்களைப் பற்றியும், படமாக வருடப்பட்ட (ஸ்கேன் செய்யப்பட்ட) பக்கங்களை அவற்றால் படிக்க முடியாது என்பதைப் பற்றியும் படித்து, அதையே அடுத்த பதிவாக எழுதினேன். நான் எழுதியவற்றுள் எனக்குப் பிடித்த பதிவு அதுவே. எங்கள் தேர்வாளர் அந்தக் கேள்வியை ஒருநாளும் கேட்டிருக்க மாட்டார். இப்போது பாடம் முடிந்துவிட்டது. வலைப்பதிவு எனக்கு எழுத்தைக் கற்றுத்தந்ததா, வேறெதையேனுமா என்று தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. எல்லோரும் காணொளி பார்க்கும் காலத்தில் இதைத் தொடர்வதில் பொருள் உண்டா?

பதில்: நீங்கள் கற்றது எழுத்தைத்தான், ஆனால் வகுப்பறைகளில் அதிகம் சொல்லித்தரப்படாத அதன் மறுபாதியை. தேர்வுக் கட்டுரைக்கு ஒரே வாசகர். அவர் அதைப் படிக்கக் கடமைப்பட்டவர். விடையை முன்னரே அறிந்தவர். மதிப்பெண் இட்டபின் எழுதியவரோடு அவருக்குப் பேச்சு இல்லை. பதிவைப் படிக்க வருபவருக்கு இம்மூன்றில் ஒன்றும் பொருந்தாது. அவர் எந்த வரியிலும் எழுந்து போய்விடலாம். உங்களைவிட அதிகம் அறிந்தவராகவும், பொருளை முதன்முறையாகக் கேள்விப்படுபவராகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அவரால் திருப்பிக் கேட்க முடியும். திருப்பிக் கேட்கக்கூடிய ஒருவரை மனத்தில் வைத்து எழுதும்போது, ‘பலரும் கருதுகின்றனர்’ போன்ற தொடர்களைக் கை தானாகவே எழுதத் தயங்கும். யார் அந்தப் பலர் என்று கேட்பதற்கு ஓர் ஆள் வாசலிலேயே நிற்கிறார் அல்லவா.

இந்த உறவு வலைப்பதிவின் பிறப்பிலேயே இருந்தது. ஜஸ்டின் ஹால் 1994-இல் அமெரிக்காவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில் மாணவராக இருந்தபோது, இணையத்தில் தாம் கண்டு வியந்த பக்கங்களுக்குச் சுட்டி (இணைப்பு) கொடுத்து, கூடவே தம்மைப் பற்றியும் எழுதும் பக்கம் ஒன்றைத் தொடங்கினார். ஜோர்ன் பார்கர் 1997 டிசம்பரில் தம் தளத்தில் அன்றன்று படித்தவற்றைச் சுட்டிகளோடும் ஓரிரு வரிக் குறிப்புகளோடும் பதிந்துவைக்கத் தொடங்கினார். முன்னோடிகளாக இன்று நாம் கருதுகிறவர்கள் முதலில் வாசகர்களாகவே வந்தவர்கள். தாம் படித்ததைப் பிறருக்குக் காட்டும் ஆவலே அவர்களை எழுத வைத்தது. ஒவ்வொரு பதிவின் கீழும் வாசகர் எழுதும் வசதியை 1998-இல் தொடங்கிய ஓப்பன் டைரி என்னும் தளம் பரவலாக்கியது. அடுத்த ஆண்டில் வந்த பிளாகரும், 2003-இல் வந்த வேர்ட்பிரஸும் நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் கதவைத் திறந்துவிட்டன.

இவற்றுக்கு இடையில், 2002-இல் மூவபிள் டைப் என்னும் மென்பொருளோடு வந்த டிராக்பேக் வசதியை இன்று பலர் மறந்துவிட்டார்கள். ஒருவர் தம் வலைப்பதிவில் எழுதிய மறுமொழி, மூலப்பதிவின் கீழே ஒரு சுட்டியாகத் தெரிய அது வழிசெய்தது. ஒரு முழுப் பதிவே இன்னொரு பதிவுக்குப் பின்னூட்டம் ஆகலாம் என்ற எண்ணம் அந்த வசதிக்குள் இருந்தது. விளம்பர எரிதங்கள் (வேண்டாத செய்திகள்) பெருகி டிராக்பேக்கை ஏறத்தாழப் பயனற்றதாக்கிவிட்டன என்பது உண்மை. ஆயினும், முகம் தெரியாதவரின் ஒரு வரிக் கேள்வியிலிருந்து ஒரு பதிவை எழுதியபோது நீங்கள் செய்தது அதே செயல்தான். அந்தப் பதிவின் தொடக்கத்தில் கேள்வி கேட்டவருக்கு நன்றியும், அவருடைய பின்னூட்டத்துக்குச் சுட்டியும் கொடுத்திருந்தீர்களானால், அவர் மீண்டும் வருவதற்கு அதைவிடச் சிறந்த அழைப்பு இல்லை.

காணொளியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காட்டவேண்டியதைக் காட்டுவதில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் வாதத்தைச் சோதிக்க எழுத்தே வசதியானது. எழுத்தில் ஒரு வரியைத் தனியே எடுத்து, ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கலாம். சொன்னது மாறினால் அந்த இடத்திலேயே திருத்தித் தேதியும் குறிக்கலாம். சொல்லைக் கொடுத்துத் தேடிக் கண்டுபிடிக்கலாம். ஆகவே தொடருங்கள். ஆனால் வாரம் ஒன்று என்ற கணக்கை விட்டுவிடலாம். அது பாடத்திட்டத்தின் வசதிக்காக ஏற்பட்டது. இனி உங்களிடம் ஒரு கேள்வி இருக்கும்போது எழுதினால் போதும்.

கேள்வி: ஒவ்வொரு வாரமும் சக மாணவர்களின் இரண்டு பதிவுகளுக்குப் பின்னூட்டம் இட வேண்டும் என்பது எங்கள் வகுப்பின் விதி. பதிவு எழுதுவதைவிட இதுவே எனக்குக் கடினமாக இருக்கிறது. ‘அருமை’, ‘நல்ல பதிவு, தொடருங்கள்’ என்பவற்றைத் தாண்டி என்ன எழுதுவது?

பதில்: கடினமாக இருக்கிறது என்று நீங்கள் உணர்வதே நல்ல அறிகுறி, எளிதாக எழுதுபவர்களின் பின்னூட்டங்களில்தான் பெரும்பாலும் ஒன்றும் இருப்பதில்லை. ‘அருமை’ என்ற சொல்லில் தவறில்லை. எழுதியவருக்கு அது ஒரு கணம் மகிழ்ச்சி தரும். ஆனால் அதை எந்தப் பதிவின் கீழும் எழுதலாம். ஒரு பின்னூட்டம் பயனுள்ளதா என்று அறிய எளிய சோதனை உண்டு: அதை அப்படியே வேறொரு பதிவின் கீழே ஒட்டினாலும் பொருந்துமானால், நீங்கள் அந்தப் பதிவுக்குப் பதில் எழுதவில்லை.

பாராட்ட விரும்பினால் எந்த வரியைப் பாராட்டுகிறீர்கள் என்று சொல்லுங்கள். உடன் படிப்பவர் ஒருவர் தூக்கமின்மையையும் கைபேசியையும் பற்றி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘மிகவும் பயனுள்ள தகவல்’ என்று எழுதுவதற்கு மாறாக, ‘கைபேசியின் வெளிச்சத்தைவிட அதில் வரும் செய்திகளுக்காகக் காத்திருக்கும் மனநிலையே தூக்கத்தைக் கெடுக்கிறது என்று மூன்றாம் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இரவு நேரத்தில் திரையின் நிறத்தை மாற்றும் வசதியால் பெரிய பயன் இருக்காது என்றுதானே கொள்ள வேண்டும்? நீங்கள் இரண்டையும் முயன்று பார்த்ததுண்டா?’ என்று எழுதிப் பாருங்கள். அவர் சொன்னதை நீங்கள் புரிந்துகொண்டது அதில் தெரிகிறது. அதிலிருந்து ஒரு படி மேலே சென்றதும் தெரிகிறது. அவர் மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒரு கேள்வியும் இருக்கிறது. பின்னூட்டத்தில் கேட்கும் கேள்வி தேடுபொறியில் விடை கிடைக்கும் கேள்வியாக இருந்தால் அவருக்கு அலுப்புத்தான் வரும்.

மறுத்து எழுதுவது இன்னும் நுட்பமானது. கணித உளவியலாளரான அனடோல் ராபபோர்ட் 1960-களில் வலியுறுத்திய ஒரு நெறியை இணைய விவாதங்களில் இப்போதும் பலர் நினைவூட்டுகிறார்கள். எதிர்த்தரப்பு என்ன சொல்கிறது என்பதை, ‘ஆம், நான் சொன்னது இதுவே’ என்று அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் முதலில் எடுத்துரைக்க வேண்டும். மறுப்பு அதற்குப் பின்னரே. இது மரியாதைக்காக மட்டும் சொல்லப்பட்டதன்று. பிறர் கூற்றை அவர் ஏற்கும்படி எழுத முயலும்போது, நாம் மறுக்க நினைத்த கூற்றை அவர் சொல்லவே இல்லை என்பது பாதி வேளைகளில் வெளிப்பட்டுவிடும். எழுதாமல் விட்ட அத்தகைய பின்னூட்டங்களால் உலகம் ஒன்றும் இழந்துவிடவில்லை.

இரண்டு வகைப் பின்னூட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஒன்று, ‘இதையும் சேர்த்திருக்கலாம், அதையும் சொல்லியிருக்கலாம்’ என்ற பட்டியல். அது எழுதியவரின் பதிவை விட்டுவிட்டு உங்கள் மனத்தில் இருக்கும் வேறொரு பதிவைப் பற்றிப் பேசுகிறது. மற்றொன்று, ஒரு வரிப் பாராட்டோடு ‘என் பதிவையும் வந்து பாருங்கள்’ என்று தன் சுட்டியை விட்டுச்செல்வது. பின்னூட்டத்தில் சுட்டி இட்டால் தேடுபொறியில் தன் பக்கம் மேலே வரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த எரிதத்தைத் தடுக்கவே 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் ஆகிய மூன்றும் ‘நோஃபாலோ’ என்னும் குறியை ஏற்றுக்கொண்டன. அக்குறி இட்ட சுட்டிகளால் பொதுவாகத் தேடுபொறியில் மதிப்பு உயராது. பெரும்பாலான வலைப்பதிவு மென்பொருள்கள் பின்னூட்டச் சுட்டிகளுக்கு அதைத் தாமாகவே இட்டுவிடுகின்றன. பேசும் பொருளுக்கு உண்மையிலேயே தொடர்புள்ள பதிவாக இருந்தால், அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுச் சுட்டி தருவதில் பிழையில்லை.

இன்னொன்றும் உண்டு. வார இறுதியில் கெடு முடிவதற்கு முன் அவசரமாக இடும் பின்னூட்டத்துக்குப் பெரும்பாலும் மறுமொழி வராது. எழுதியவர் அதற்குள் அடுத்த பதிவுக்குப் போயிருப்பார். பதிவு வந்த ஓரிரு நாளுக்குள் எழுதிவிட்டு, மறுமொழி வந்ததா என்று திரும்பிச் சென்று பாருங்கள். உரையாடல் என்பது இரண்டாவது பின்னூட்டத்தில்தான் தொடங்குகிறது.

கேள்வி: ஆர்வத்தோடு எழுதுகிறேன், ஆனால் வருகைக் கணக்கைப் பார்த்தால் மனம் சோர்ந்துவிடுகிறது. பின்னூட்டமே இல்லாத பதிவுகள்தாம் அதிகம். யாரும் படிக்கவில்லை என்றால் எதற்காக எழுத வேண்டும்?

பதில்: பின்னூட்டம் இல்லாததும் வாசகர் இல்லாததும் ஒன்றல்ல. பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006-இல் இணையக் குழுக்களைப் பற்றி எழுதும்போது ஒரு தோராயமான கணக்கைச் சொன்னார்: 90 விழுக்காட்டினர் படிப்பதோடு நின்றுவிடுகிறார்கள், 9 விழுக்காட்டினர் எப்போதாவது எழுதுகிறார்கள், மீதமுள்ள 1 விழுக்காட்டினரே பெரும்பகுதியையும் எழுதுகிறார்கள். வலைப்பதிவுகளில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் கடுமையானது என்றும் அவர் குறிப்பிட்டார். இது இயற்கை விதி அன்று. குழுவுக்குக் குழு மாறும். ஆனால் உங்கள் பதிவைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறவர்கள் வழக்கமான வாசகர்களே என்பதை அது உணர்த்தும். நீங்களே நேற்றுப் படித்த பக்கங்களில் எத்தனைக்குப் பின்னூட்டம் இட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

மறுபுறம், வருகைக் கணக்கைப் பெரிதாக நம்பவும் வேண்டாம். தேடுபொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களையும், இரண்டு நொடியில் மூடிவிட்டுப் போனவர்களையும் வாசகர்களாகவே எண்ணிவிடும் கருவிகள் உண்டு. கணக்கு ஏறும் நாளில் அதற்கேற்பத் தலைப்பு வைக்கும் ஆசை பிறக்கும். பிறகு தலைப்புக்கேற்ப எழுதும் ஆசையும் வரும். பதிவர்கள் பலர் கெட்டுப்போவது இந்த வழியில்தான் என்பது என் கருத்து. முடிந்தால் அந்தக் கணக்கை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை மட்டும் பாருங்கள்.

வாசகர் வருவதற்கு வழி என்ன என்றால், நீங்கள் முதலில் வாசகராகச் செல்வதுதான். நீங்கள் எழுதும் துறையிலேயே எழுதுகிற சிலரைத் தேடிக் கண்டுபிடித்துத் தொடர்ந்து படியுங்கள். முன்பு, பல தளங்களின் புதிய பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டித் தந்த கூகுள் ரீடர் இதற்குப் பலருக்கும் உதவியது. அது 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டபோது வலைப்பதிவுகளே முடிந்துவிட்டன என்று புலம்பியவர்கள் உண்டு. ஆனால் அது வாசித்த, ஒரு தளத்தின் புதிய பதிவுகளைப் பட்டியலிடும் ஆர்எஸ்எஸ் ஓடைகள் இன்னும் பெரும்பாலான தளங்களில் இருக்கின்றன. அவற்றைத் திரட்டித் தரும் வேறு செயலிகளும் இருக்கின்றன. படித்தவற்றுக்குச் சுட்டி கொடுத்து எழுதுங்கள். சுட்டப்பட்டவர்களில் சிலராவது, தம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வருவார்கள்.

கேள்வி: பதிவு சுருக்கமாக இருக்க வேண்டுமா, விரிவாக இருக்கலாமா?

பதில்: சொல்ல இருப்பதைப் பொறுத்தது. மேலே சொன்ன நீல்சன் 1997-இல் நடத்திய ஆய்வில் பங்கேற்றவர்களில் 79 விழுக்காட்டினர் புதிய பக்கத்தை வரிக்கு வரி படிக்காமல் மேலோட்டமாகக் கண்ணோட்டியதாகக் கண்டார். இதைக் காட்டி எல்லாப் பதிவையும் குறுக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது சரியான முடிவு என்று எனக்குத் தோன்றவில்லை. கண்ணோட்டுபவர் எதையோ தேடுகிறார். அது இங்கே இருக்கிறது என்று அவருக்கு விரைவில் தெரிந்துவிட்டால் நின்று படிப்பார். ஆகவே பதிவின் பொருள் என்ன என்பது முதல் பத்தியிலேயே தெரியட்டும். அதன்பின் நீளம் உங்கள் விருப்பம்.

கேள்வி: என் பதிவின் கீழே பெயர் சொல்லாத ஒருவர் மிகக் கடுமையாக எழுதியிருந்தார். கருத்தைவிட என்னையே தாக்குவதாக இருந்தது. நேரில் இப்படிப் பேசுவார்களா? இத்தகையவற்றுக்குப் பதில் எழுத வேண்டுமா, நீக்கிவிடலாமா?

பதில்: நேரில் பெரும்பாலோர் பேசமாட்டார்கள். உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் வெளியிட்ட கட்டுரையில், இணையத்தில் மனிதரின் கட்டுப்பாடு தளர்வதற்கான காரணங்களை ஆராய்ந்தார். பெயர் மறைந்திருப்பது, முகம் தெரியாதிருப்பது, சொன்னதற்கான எதிர்வினையை அந்தக் கணத்திலேயே எதிர்கொள்ள நேராதது, எதிரில் இருப்பவரை மனம் தானே கற்பனை செய்துகொள்வது, அதிகாரத்தின் அடையாளங்கள் மங்கிவிடுவது என்று அவை நீள்கின்றன. இதில் பலரும் கவனிக்காத ஒரு பகுதி, இந்தத் தளர்ச்சி நல்லவிதமாகவும் செயல்படும் என்று அவர் சொன்னது. நேரில் வாய் திறக்கக் கூசும் ஒருவர் தம் துயரத்தை எழுதுவதும், முன்பின் அறியாதவருக்கு மனமுவந்து உதவுவதும் அதே தளர்ச்சியால்தான். எனவே பெயர் சொல்லாமல் எழுதும் அனானிகள் எல்லோரையும் தடைசெய்துவிடுவது தீர்வாகாது. பெயர் சொல்ல முடியாத காரணத்தாலேயே நல்ல கேள்வி கேட்பவர்களும் உண்டு.

நீக்குவதா என்ற கேள்விக்கு: வலைப்பதிவு உங்களுடையது. அங்கே யாரை அனுமதிப்பது என்பதை முடிவுசெய்ய உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதைக் கருத்துரிமையின் பெயரால் மறுக்க யாராலும் முடியாது, ஏனென்றால் அவருக்கும் சொந்தமாக ஒரு வலைப்பதிவு தொடங்கத் தடையில்லை. ஆனால் விதியை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள். ‘கருத்தை எவ்வளவு கடுமையாக மறுத்தாலும் வெளியிடப்படும், தனிமனிதரை இழிவுசெய்வதும், பிறரின் தனிப்பட்ட விவரங்களை வெளியிடுவதும் நீக்கப்படும்’ என்ற அளவில் ஒரு பத்தி போதும். பின்னூட்டங்களை வெளியாகும் முன் பார்க்கும் மட்டுறுத்தல் வசதியை இயக்கிவிட்டால், காலையில் எழுந்ததும் வசையில் கண் விழிக்க நேராது.

பதில் எழுதும் இடம் வேறு. கடுமையான ஒரு பின்னூட்டத்தில் சில வேளைகளில் நியாயமான ஒரு கேள்வி ஒளிந்திருக்கும். ‘கொஞ்சமும் அறிவில்லாமல் எழுதியிருக்கிறாய், 10 ஆண்டுகளுக்கு முந்தைய தகவலை வைத்துக்கொண்டு...’ என்று ஒருவர் எழுதினால், முதற்பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதிக்கு மட்டும் பதில் சொல்லலாம்: ‘அண்மைத் தகவல் எங்கே கிடைக்கும் என்று சொன்னால் பதிவில் சேர்க்கிறேன்.’ அவர் திரும்பி வந்து சொல்லலாம், சொல்லாமலும் போகலாம். ஆனால் அந்தப் பதில் அவருக்காக மட்டும் எழுதப்படுவதில்லை. பிற்பாடு அங்கே வந்து படிக்கும் அமைதியான 90 விழுக்காட்டினர் அதைப் பார்க்கிறார்கள். கேள்வியே இல்லாத வசைக்குப் பதில் தேவையில்லை. எதுவானாலும் படித்த அன்றே எழுதாதீர்கள். அச்சுறுத்தலாக இருந்தால் திரையில் தெரிவதைப் படமாக (ஸ்கிரீன்ஷாட்) எடுத்து வைத்துக்கொண்டு, ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ காட்டுங்கள். அதைத் தனியே சுமக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஆசிரியை. மாணவர்களை வலைப்பதிவு எழுதச் சொல்ல நினைக்கிறேன். எல்லோரும் பார்க்கும்படி எழுதச் சொல்வதா, வகுப்புக்குள் மட்டும் இருக்கட்டுமா? மதிப்பெண் எதற்குத் தருவது?

பதில்: பொதுவெளியில் எழுதுவதைக் கட்டாயமாக்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். ஆலிஸ் மார்விக்கும் டானா பாய்டும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில், இணையத்தில் எழுதுபவருக்கு அவருடைய வெவ்வேறு சூழல்களைச் சேர்ந்த ஆட்கள் அனைவரும் ஒரே அவையாக வந்து அமர்ந்துவிடுவதை விளக்கினார்கள். நண்பரிடம் பேசும் விதம் வேறு, தாத்தாவிடம் பேசும் விதம் வேறு, வேலை தரப்போகிறவரிடம் பேசும் விதம் வேறு. இவர்கள் எல்லோரும் ஒரே பதிவைப் படிக்கும்போது, எழுதுபவர் யாருக்கும் பொருந்தும்படி மழுங்கலாக எழுதுவார், அல்லது ஒருவருக்காக எழுதி மற்றவரிடம் மாட்டிக்கொள்வார். பதினெட்டு பத்தொன்பது வயதில் எழுதிய அரைகுறைக் கருத்து பல ஆண்டுகள் தேடலில் வந்துகொண்டிருப்பதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். பள்ளி மாணவர்களானால் வகுப்புக்குள் மட்டும் திறந்த வலைப்பதிவே தகும். கல்லூரி மாணவர்களுக்குப் பொதுவில் எழுதும் வாய்ப்பையும், புனைபெயரில் எழுதும் உரிமையையும், வகுப்புக்குள் மட்டும் எழுதும் தெரிவையும் கொடுங்கள்; எந்தத் தெரிவுக்காகவும் மதிப்பெண் குறையக் கூடாது.

மதிப்பெண்ணைப் பின்னூட்டத்துக்கு அதிகம் வையுங்கள். பொதுவாகப் பதிவுக்குப் பெரும்பங்கும் பின்னூட்டத்துக்குச் சிறுபங்கும் தருவது வழக்கம். அதனால் மாணவர்கள் பின்னூட்டத்தைக் கணக்குத் தீர்க்கும் சடங்காகவே கருதுகிறார்கள். இத்தனை பின்னூட்டம் இட வேண்டும் என்று எண்ணிக்கை சொன்னால் எண்ணிக்கைதான் கிடைக்கும். பருவ முடிவில், தாம் இட்ட பின்னூட்டங்களில் சிறந்தவை என்று கருதும் சிலவற்றை மாணவரே தெரிந்தெடுத்து, அவற்றால் பதிவிலோ உரையாடலிலோ என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதித் தரச்செய்யலாம். நீங்களும் அவர்களோடு சேர்ந்து எழுதுவது நல்லது. ஆனால் எல்லாப் பதிவுக்கும் முதல் பின்னூட்டம் உங்களுடையதாக இருக்க வேண்டாம். ஆசிரியர் தீர்ப்புச் சொன்ன இடத்தில் மாணவர் பேசுவதில்லை.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் படங்களைப் பதிவில் பயன்படுத்தலாமா? பின்னூட்டத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கொண்டு எழுதினால் தவறா?

பதில்: தேடலில் படம் கிடைக்கிறது என்பதால் அது உரிமையற்றது ஆகிவிடாது. எடுத்தவர் அனுமதி தந்திருக்க வேண்டும், அல்லது உரிமத்தோடு வெளியிட்டிருக்க வேண்டும். இதற்காகவே கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அவ்வுரிமங்களில் சில வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும். சில மாற்றம் செய்வதைத் தடுக்கும். இன்றுள்ள ஆறு உரிமங்களும் படைத்தவரின் பெயரைச் சொல்லக் கோருகின்றன. படத்தின் பெயர், எடுத்தவர், கிடைத்த இடம், உரிமம் ஆகிய நான்கையும் படத்தின் கீழே குறித்துவிட்டால் குறைவராது. படத்துக்கு மாற்றுரை, அதாவது படத்தில் இருப்பதைச் சொல்லும் சிறு விவரிப்பு, எழுதவும் மறக்க வேண்டாம். முதல் கடிதத்தில் வந்த பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துக் காட்டும்.

கருவியைக் கொண்டு பின்னூட்டம் எழுதுவது பற்றி என் கருத்து கடுமையானது. எழுத்துப்பிழை பார்க்க அது உதவட்டும். ஆனால் ஒருவர் எழுதியதைப் படிக்காமலேயே படித்ததுபோல் பதில் சொல்வது, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், அவருடைய நேரத்தைத் திருடுவதாகும். அவர் அதற்கு மறுமொழி எழுதி மேலும் ஒரு கேள்வி கேட்டால் என்ன செய்வீர்கள்?

கேள்வி: பாடம் முடிந்ததும் எங்கள் வகுப்பு வலைப்பதிவை நீக்கிவிடப் போகிறார்கள். எழுதியவற்றை எப்படிக் காப்பது? இப்போது படித்தால் கூச்சமாக இருக்கும் பழைய பதிவுகளை மட்டும் அழித்துவிடலாமா?

பதில்: சேவைகள் மூடப்படுவது புதிதன்று. தனிமனிதர்கள் உருவாக்கிய எண்ணற்ற பக்கங்களைக் கொண்டிருந்த ஜியோசிட்டீஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியது. தன்னார்வலர்கள் முயன்று சேமித்ததால் அவற்றுள் ஒரு பகுதி மிஞ்சியது. இணைய ஆவணகம் 1996-இல் தொடங்கப்பட்டு, இணையப் பக்கங்களின் பழைய படிகளைக் காட்டும் அதன் வேபேக் மெஷின் 2001-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு பக்கத்தின் முகவரியைக் கொடுத்து அதை அங்கே சேமிக்கும்படி நீங்களே கேட்கலாம். ஆனால் கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கும் வகுப்புப் பதிவுகளை அதனால் சேமிக்க முடியாது.

கூச்சம் தரும் பதிவுகளை அழிக்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். பிறரைப் புண்படுத்துவதாகவோ உங்கள் தனிப்பட்ட விவரங்களை வெளிப்படுத்துவதாகவோ இருந்தால் தயங்காமல் நீக்குங்கள். மற்றவற்றைப் பொதுப்பார்வையிலிருந்து எடுத்து வரைவாக மாற்றி வைத்துக்கொண்டால் போதும். ஒரு பதிவை அழிக்கும்போது அதன் கீழே பிறர் எழுதியவையும் சேர்ந்தே போகின்றன; அவை உங்களுடையவை அல்ல.

பிளாகர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக ஏற்றுமதி செய்யும் வசதி அமைப்புகள் பகுதியிலோ கருவிகள் பகுதியிலோ இருக்கும். வகுப்பு வலைப்பதிவு ஆகையால் அதை இயக்குபவரின் கணக்கிலிருந்துதான் இதைச் செய்ய முடியும். நீக்கும் நாளுக்கு முன்பே அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். படங்கள் பெரும்பாலும் அந்தக் கோப்புக்குள் வருவதில்லை. அவற்றைத் தனியே இறக்கிக்கொள்ள வேண்டும். கோப்பு கைக்கு வந்ததும் ஒருமுறை திறந்து, பதிவுகளோடு பின்னூட்டங்களும் அதில் வந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.